கொசுறு கொடுக்கும் கொரியச் சந்தை

தென் கொரியத் தலைநகர் சியோலுக்குப் போகிறவர்களிடம் அரண்மனையைப் பார், மலைமேல் இருக்கும் கோபுரத்தைப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். அவற்றை நானும் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகும் மனத்தில் நிற்பது ஒரு கடைவீதி. குவாங்ஜாங் சந்தை என்று பெயர். நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய பிள்ளைகள் இப்போது கொரியாவில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். பெற்றோர்களும் போய் வருகிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சந்தை 1905ஆம் ஆண்டு தொடங்கியது. ஜப்பானின் பிடி கொரியாவின்மேல் இறுகிக்கொண்டிருந்த ஆண்டு அது. நகரின் பெரிய சந்தையான நம்தேமுன்னில் ஜப்பானியர் கை ஓங்கியபோது, கொரிய வணிகர்கள் சிலர் கூடிப் பணம் போட்டு ஒரு கம்பெனி ஆரம்பித்துத் தங்களுக்கென்று இந்தச் சந்தையை அமைத்தார்கள். அடுத்த ஆண்டு, 1906இல், தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது உங்கள் நினைவுக்கு வருகிறதல்லவா? நம் கப்பல் கம்பெனி சில ஆண்டுகளில் முடங்கிப்போனது. அவர்கள் சந்தை, கொரியப் போரில் அழிந்தும் மறுபடி எழுந்து, நூறு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடக்கிறது. அதற்குமுன் அந்நாட்டில் பெரும்பாலும் ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தைகள்தாம், நம் வாரச்சந்தை போல. தினந்தோறும் நடக்கும் நிலையான சந்தைகளில் இது முன்னோடி என்கிறார்கள்.

நண்பர் கிடைத்த கதை

2024ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் சியோலுக்குத் தெற்கே உள்ள சுவோன் நகரில் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே சிறு பூங்காக்கள் இருக்கும். அவற்றில் வயதானவர்கள் உடற்பயிற்சி செய்ய இரும்புச் சாதனங்களை நட்டு வைத்திருப்பார்கள். காலையில் அங்கே கையைக் காலை ஆட்டும்போது பக்கத்தில் ஒருவர் தினமும் வந்து நிற்பார். நான்காம் நாள் அவரே பேச்சைத் தொடங்கினார். அவருக்குச் சிறிது ஆங்கிலம், எனக்குக் கொரிய மொழியில் வணக்கமும் நன்றியும். மீதிக்குக் கைபேசியில் மொழிபெயர்க்கும் வசதி இருக்கவே இருக்கிறது.

அவர் கேட்ட முதல் கேள்வி வயது. கொரியாவில் இதை யாரும் தவறாக நினைப்பதில்லை. யார் மூத்தவர் என்று தெரிந்தால்தான் எப்படி அழைப்பது, எந்த மரியாதையில் பேசுவது என்று முடிவு செய்ய முடியும். எனக்கு 67, அவருக்கு 70. (பிறந்தவுடன் ஒரு வயது என்று கூட்டும் அவர்களுடைய பழைய கணக்கைச் சட்டப்படியான காரியங்களுக்கு 2023 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே எங்களுக்குள் குழப்பம் வரவில்லை!) அந்த நிமிஷத்திலிருந்து அவர் எனக்கு 'ஹியோங்நிம்' ஆனார். ஹியோங் என்றால் ஓர் ஆண் தன் அண்ணனை அழைக்கும் சொல். நிம் என்பது மரியாதைக்கு.

இரண்டாவது கேள்வி, என்ன வேலை பார்த்தீர்கள் என்பது. ரயில்வே என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிய வேகத்தில் தோள் வலித்தது. அவரும் ரயில்வே! அரசுச் செலவில் நடந்த ரயில்வே பள்ளியில் படித்து, சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு எங்களுக்கு மொழிபெயர்ப்பு அதிகம் தேவைப்படவில்லை. சிக்னல், பாயிண்ட், ரிலே, கேஜ் என்று ஆரம்பித்தால் பேச்சுக்கு முடிவே இல்லை. அவர்கள் பாதை 1,435 மில்லிமீட்டர், நம்முடையது 1,676. உங்கள் ரயிலில் உட்கார இடம் அதிகம் இருக்குமே என்றார். மாலை 6 மணிக்கு மும்பை வந்து பாருங்கள் என்றேன்.

முதல் தடப் பயணம்

குவாங்ஜாங் போக யோசனை சொன்னவர் அவர்தான். சுவோனிலிருந்து 1ஆம் எண் தடத்து ரயிலில் ஏறினால் மாறாமல் ஜோங்நோ 5-கா நிலையத்தில் இறங்கலாம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 65 வயது கடந்த அந்நாட்டவருக்குச் சுரங்க ரயில் இலவசம். வெளிநாட்டு விருந்தாளியான நான் அட்டையைத் தேய்த்துக் காசு கொடுத்தேன்.

கொரியாவில் சாலையில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. இந்த 1ஆம் தடத்து ரயிலோ நம் ஊர் போல இடப்பக்கம் ஓடுகிறது. ஜப்பானியர் காலத்தில் போட்ட ரயில் பாதைகள் இடப்பக்க வழக்கம். அவற்றோடு இணைவதற்காக 1974 ஆகஸ்ட் 15ஆம் தேதி திறக்கப்பட்ட முதல் சுரங்கத் தடமும் அப்படியே அமைந்தது. பின்னால் வந்த நகரத் தடங்களெல்லாம் வலப்பக்கம். ஆகஸ்ட் 15 நமக்குச் சுதந்திர தினம். ஜப்பானிடமிருந்து விடுபட்ட நாள் என்பதால் அவர்களுக்கும் அது விடுதலை நாள்.

நம்யோங் நிலையம் தாண்டியதும் ஹியோங்நிம் என் தொடையில் தட்டி மேலே காட்டினார். ரயில் சிறிது தூரம் கம்பி மின்சாரம் இல்லாமல் தன் வேகத்திலேயே உருண்டது. வெளியே 25,000 வோல்ட் மாறுமின்சாரம், சுரங்கத்துக்குள் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மின்சாரம் இல்லாத ஒரு துண்டு. மும்பை லோக்கல் ரயில்களிலும் 1,500 வோல்ட்டிலிருந்து 25,000 வோல்ட்டுக்கு மாறும் வேலை 2016 வரை படிப்படியாக நடந்தது. இரண்டு மின்சாரத்திலும் ஓடும் வண்டிகளை நாமும் பார்த்திருக்கிறோம். அதைச் சொன்னபோது பக்கத்து இருக்கைக்காரர்கள் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தார்கள். ரயில்வேக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம்தான்.

சந்தைக்குள்

எட்டாம் எண் வாயிலில் ஏறினால் எதிரிலேயே சந்தை. உயரமான கூரை போட்ட நீண்ட தெருக்கள், குறுக்கும் நெடுக்குமாக. வாயிலருகே மீன் கருவாடும் ஜின்செங் வேரும். கொஞ்சம் உள்ளே போனால் படுக்கை விரிப்பு, கல்யாணச் சீர் சாமான், துணி. நடு முச்சந்தியில்தான் சாப்பாட்டுக் கடைகள். புகை, எண்ணெய் வாசனை, கரண்டிச் சத்தம், கூப்பிடும் குரல்கள். நம் மாட்டுங்கா மார்க்கெட்டையும் தீபாவளிக்கு முந்தைய நாள் தாதரையும் சேர்த்து ஒரு கூரைக்குள் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

முதலில் கண்ணில் பட்டது இயந்திரக் கல். ஆட்டுக்கல் போன்ற ஒரு திரிகைக் கல் மோட்டாரில் சுழல்கிறது. மேலே ஊறவைத்த பாசிப்பயறு போகிறது, ஓரத்தில் மாவாக வழிகிறது. அதில் முளைப்பயறு, வெங்காயத்தாள் எல்லாம் கலந்து, எண்ணெய் தேங்கி நிற்கும் அகலமான கல்லில் தடிமனாக ஊற்றுகிறார்கள். இதற்குப் பெயர் பிந்தேத்தொக். நம் பாசிப்பயறு அடைதான், எண்ணெய் மட்டும் நாலு மடங்கு! வட கொரியப் பகுதியில் பெயர் போன பலகாரம் இது. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் வடக்கிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் பல சந்தைகளில் கடை போட்டுப் பிழைத்தன. அவர்களோடு அவர்கள் சமையலும் வந்தது. பம்பாய்க்கு வந்த நம்மவர்கள் இட்லிக் கூடையோடு வாழ்க்கையைத் தொடங்கியது எனக்கு நினைவு வந்தது.

கடையை நடத்துபவர்கள் பெரும்பாலும் பெண்கள், அறுபது எழுபது வயதுக்காரர்கள். அவர்களை வாடிக்கையாளர்கள் 'இமோ' என்கிறார்கள். இமோ என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள். நாம் பூக்காரியை அக்கா என்றும் காய்காரரை அண்ணே என்றும் அழைப்பதில்லையா, அதே வழக்கம்தான். பெரிய கடைகளில் யாரும் யாரையும் சித்தி என்று அழைக்க மாட்டார்கள். சந்தையில்தான் அது நடக்கும்.

நான் மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை. ஹியோங்நிம் அதை இமோவிடம் விளக்கினார். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஏதும் கலக்காத மாவை எடுத்துத் தனியாக ஒன்று ஊற்றினார். ஓர் அடை 5,000 வொன், நம் கணக்கில் ஏறத்தாழ 300 ரூபாய். இருவர் பசி ஆறும் அளவு இருந்தது. நவம்பர் குளிரில் உட்காரும் பெஞ்சைத் தொட்டால் சுடுகிறது. அடியில் மின்சாரச் சூடு வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டை நான் குனிந்து ஆராய்ந்ததைப் பார்த்து இமோ சிரித்தார். கிளம்பும்போது ஒரு சிறு துண்டு அடையைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்தார். காசு வேண்டாமாம். இதற்கு அவர்கள் மொழியில் 'தொம்' என்று பெயர் என்று நண்பர் சொன்னார். தமிழில் இதற்குக் கொசுறு என்று பெயர் என்று நான் சொன்னேன். அவர் அதைக் கைபேசியில் ஒலி வடிவாகவே எழுதி வைத்துக்கொண்டார்.

தானியக் கடையில் இன்னொரு ஆச்சரியம். மரத்தால் செய்த சதுரப் பெட்டியால் அளந்து கொட்டுகிறார்கள். 'தே' என்று சொல்லும் அது 1.8 லிட்டர் பிடிக்கும். நம் படியைப் போல. எடைக்குக் 'குன்' என்று ஒரு பழைய கணக்கு. இறைச்சிக்கு ஒரு குன் 600 கிராம், காய்கறிக்கு 400 கிராம்! கிலோவில்தான் விற்க வேண்டும் என்று 2007 முதல் அரசு கண்டிப்பு காட்டுகிறது. ஆனாலும் வயதானவர்கள் வாயில் பழைய கணக்குதான் வருகிறது. நம் பாட்டிகள் கடைசிவரை வீசையிலும் சேரிலும் பேசியதைப் போல.

அம்மா, அப்பா

கூட்டத்தில் ஒரு சிறுவன் 'ஓம்மா' என்று கத்திக்கொண்டு தாயின் பின்னால் ஓடினான். திரும்பிப் பார்த்த தகப்பனை 'அப்பா' என்றான். என் காதையே நம்ப முடியவில்லை. தமிழும் கொரியமும் உறவுடையவை என்று நம் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். இரண்டிலும் வினைச்சொல் கடைசியில் வரும். சொல்லின் வாலில் உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்ற ஒலிகள் உலகத்துக் குழந்தைகள் பலர் வாயில் இயல்பாக வருபவை. இரண்டு பாதைகள் ஒரே அகலம் என்பதால் இரண்டையும் ஒரே கம்பெனி போட்டது என்று சொல்ல முடியுமா? இருந்தாலும், அயலூர்ச் சந்தையில் அப்பா என்ற குரல் காதில் விழும்போது உடம்பு திரும்பத்தான் செய்கிறது.

மாடியில் சந்தித்தவர்

சாப்பிட்டு முடித்ததும் ஹியோங்நிம் என்னை இரண்டாம் மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே பட்டுத் துணிக் கடைகள். அவர்களுடைய மரபு உடையான ஹன்போக்குக்கு வேண்டிய துணி இங்கே வாங்கித் தைக்கக் கொடுக்கிறார்கள். காஞ்சிபுரத்துக் கடைபோல அடுக்கு அடுக்காக நிறங்கள். அங்கே அவருடைய அக்கா காத்திருந்தார். 74 வயது, குள்ளமான உருவம், நேரான முதுகு. பேத்தி கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்திருக்கிறார்.

அந்த அம்மாளை நான் 'நூனிம்' என்றேன். அக்காவுக்கு ஆண்கள் சொல்லும் சொல் அது. அவர் தலை குனிந்து வணங்கிவிட்டு, கூச்சமே இல்லாமல் என் சட்டையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். மாட்டுங்காவில் தைத்த சட்டை. தம்பியிடம் ஏதோ சொன்னார். "தையல் நெருக்கமாக இருக்கிறதாம். நல்ல தையற்காரர் என்கிறார்" என்று நண்பர் மொழிபெயர்த்தார்.

அக்காவுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். அங்கிருந்து கிழக்கே சிறிது தூரத்தில் பியோங்ஹ்வா சந்தை. அமைதிச் சந்தை என்று பொருள். 1960களில் கீழே துணிக்கடைகளும் மேல் மாடிகளில் தையல் கூடங்களும் இருந்தன. இடம் போதவில்லை என்று மாடியைக் குறுக்கே பலகை அடித்து இரண்டாக்கினார்கள். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண்கள் ஒரு நாளைக்கு 14, 15 மணி நேரம் வேலை செய்தார்கள். துணித் தூசியால் நெஞ்சு நோய். எங்கள் நூனிம் 1965இல், 15 வயதில் அங்கே உதவியாளாகச் சேர்ந்தவர். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அரிசி, தம்பிக்கு நடுநிலைப் பள்ளிக் கட்டணம். தம்பி ரயில்வே பள்ளியில் சேர்ந்த பிறகுதான் தனக்கென்று ஒரு மேல்கோட்டு தைத்துக்கொண்டாராம்.

அந்தப் பெண்களுக்காகப் பேசியவர் சோன் தே-இல் என்ற தையல் தொழிலாளி. பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் பசித்த சிறுமிகளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனவர். நாட்டில் தொழிலாளர் சட்டம் இருந்தது. அதை யாரும் கடைப்பிடிக்கவில்லை. அவர் கணக்கெடுத்தார், மனுக் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13ஆம் தேதி, சட்டத்தைக் கடைப்பிடியுங்கள் என்று முழங்கியபடி அந்தச் சந்தை வாசலில் தன்னைத் தீக்கு இரையாக்கிக்கொண்டார். வயது 22. அந்த மாதமே தையல் தொழிலாளர்களின் சங்கம் பிறந்தது. அவருடைய தாயார் லீ சோ-சன் 2011இல் மறையும்வரை தொழிலாளர்களுக்காகவே வாழ்ந்தார்.

துணி வாங்கியதும் மூவரும் சந்தைக்குத் தெற்கே ஓடும் சொங்கேச்சொன் ஓடைக்கரையில் நடந்தோம். இந்த ஓடையையே 1958 முதல் காங்கிரீட் போட்டு மூடி, அதன்மேல் சாலையும், சாலைக்கு மேல் ஒரு பாலச் சாலையும் கட்டியிருந்தார்கள். 2003இல் இடிக்கத் தொடங்கி 2005இல் சுமார் 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்துவிட்டார்கள். இயற்கை நீர் போதாமல் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடுகிறார்கள். பொறியியல் கண்ணுக்கு இது பெரிய வேலை. ஆனால் அந்தச் சாலையோரம் கடை போட்டிருந்தவர்கள் ஒரு பழைய விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கும் இடிபட, மறுபடி வேறிடம். ஊரை அழகுபடுத்தும்போது முதலில் நகர வேண்டியவர் சுமைக்கூடைக்காரர்தான் என்பது மும்பையில் வாழும் நமக்கும் தெரியும்.

ஓடைமேல் ஒரு பாலத்தில் சோன் தே-இல் சிலை இருக்கிறது. நூனிம் அதன் முன் சற்று நின்றார். அன்று வேறு கட்டடத்தில் இருந்ததால் அவருக்கு மறுநாள்தான் செய்தி தெரிந்ததாம். பிறகு சங்கம் நடத்திய வகுப்புக்கு இரவில் போய், விட்ட படிப்பைக் கொஞ்சம் படித்தாராம். என்னைப் பார்த்து, "உங்களுக்கு அக்கா உண்டா? என்ன படித்தார்?" என்று கேட்டார்.

"உண்டு. எட்டாம் வகுப்பு. அம்மாவோடு சேர்ந்து அப்பளம் இட்டு விற்றார். அந்தக் காசில் நான் டிப்ளமா படித்தேன்" என்றேன்.

கைபேசி அதைக் கொரிய மொழியில் சொல்லி முடித்தது. அப்பளம் என்ற சொல் அதற்கு விளங்கியதா என்று தெரியாது. நூனிம் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஹியோங்நிம் பூங்காவுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். வெட்டி மிஞ்சிய பட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரத் துணி. பொருள்களைச் சுற்றி வைக்க அவர்கள் பயன்படுத்துவது. சோகக்போ என்று பெயர். அக்கா தன் கையால் தைத்ததாம். "இது உங்களுக்கு இல்லை, உங்கள் அக்காவுக்கு" என்று அழுத்திச் சொன்னார்.

கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவிடம் அதைக் கொடுத்தேன். அவரும் முதலில் புரட்டிப் பின்பக்கத் தையலைத்தான் பார்த்தார்.

போகும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்

சுத்த சைவர்கள் கவனிக்க வேண்டும். அடையில் பன்றி இறைச்சியோ கிம்ச்சியோ கலந்திருக்கலாம். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறால் அல்லது மீன் சாறு சேர்ப்பார்கள். ஒரே கல்லில் இறைச்சி வடையும் வேகும். பூசணிக் கஞ்சியும் சிவப்புப் பயற்றுக் கஞ்சியும் ஓரளவு பாதுகாப்பு, கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். சிறு சோற்று உருளைகளுக்கு 'மயக்' என்று ஒரு பெயர் வழங்கியது. போதைப்பொருள் என்று பொருள். தின்றால் விடமாட்டீர்கள் என்ற வேடிக்கை. அந்தச் சொல் வேண்டாம் என்று பல கடைகள் பெயரை மாற்றிவிட்டன.

உயிரோடு நெளியும் ஆக்டோபஸ், பச்சை மாட்டிறைச்சி, இரத்தம் சேர்த்த குடல் பலகாரம் எல்லாம் கண்ணில் படும். முகம் சுளிக்காமல் நகருங்கள்.

விலையையும் அளவையும் முதலில் கேளுங்கள். சில கடைகளில் அளவுக்கு மீறிய விலை என்று 2023இல் பெரிய பேச்சு எழுந்தது. அதன்பின் அளவை எழுதி வைக்கச் சொல்லி நகர நிர்வாகம் ஏற்பாடு செய்தது.

பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும், அவர்களிடமிருந்து எதை வாங்கினாலும் இரண்டு கையால் செய்யுங்கள். அது நம் வழக்கமும்தானே!

அங்கேயும் பெரிய அங்காடிகள் வந்துவிட்டன. சிறு வியாபாரிகளைக் காக்க, 2012 முதல் அவற்றை மாதத்தில் இரண்டு நாள் மூடும் விதி இருக்கிறது. விதி எப்படி இருந்தாலும், இமோக்களின் பிள்ளைகள் படித்து அலுவலகம் போய்விட்டார்கள். கல்லின்முன் நிற்க அடுத்த கை குறைவு. ஆகவே பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். போகும்போது இங்கிருந்து ஒரு கட்டு அப்பளம் எடுத்துச் செல்லுங்கள். பொரித்துக் கொடுத்தால் விளக்கமே தேவையில்லை.